நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

தொண்டை வலித்தது. நாள் முழுக்க நடவு வயலில் நின்று ஆள்களை விரட்டிக் கத்திய மேஸ்திரிக்குச் சாயங்காலம் வருமே, அந்த மாதிரி வலி. எச்சில் விழுங்கினால் முள் உரசியது. தாடை இரண்டு பக்கமும் கனத்துத் தொங்கியது. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து பாயில் உட்கார்ந்த பூர்ணிமா, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். பாதி குடித்தபோதுதான் யோசனை வந்தது. காலையிலிருந்து யாரிடம் பேசினோம்?

யாரிடமும் பேசவில்லை. பால் பாக்கெட்டைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறவன் முகத்தைக்கூடப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது. முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் குந்தவையோடு எட்டு நிமிஷம் போனில் பேசியதுதான் கடைசி. அதற்கப்புறம் வாயைத் திறந்தது பல் தேய்க்கவும் சோறு தின்னவும்தான்.

குத்தாலத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவில் நிற்கிற வீடு அது. வீட்டுக்காரர்கள் முன்பக்கம் முழுவதையும் பூட்டிவிட்டுத் துபாய் போய்விட்டார்கள். பின்கட்டில் ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு குளியலறை, இவ்வளவும் பூர்ணிமாவுக்கு. போக வர கொல்லைக் கதவு ஒன்றுதான். வைகாசி மாதம். ஆற்றில் தண்ணீர் வர இன்னும் நாள் இருந்தது. வாய்க்கால் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயலில் வேலை இல்லாததால் வரப்பில் ஆள் நடமாட்டமும் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் காய்ந்த சேற்று வாடையும், எங்கோ எரித்த வைக்கோலின் புகையும், கண்ணைக் கூசவைக்கிற வெளிச்சமும் மட்டும் உள்ளே வரும். சத்தம் என்று ஒன்றும் வராது.

நாற்பது வயதில் இந்த அமைதி அவளாகத் தேடிக்கொண்டதில்லை. புருஷன் மலேசியாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டான். அப்பாவும் அம்மாவும் குனிந்து குனிந்து நாற்று நட்டே முதுகு நிமிராமல் போய்ச் சேர்ந்தார்கள். மகள் ஹாஸ்டலில். மிச்சம் இருந்தது ஒரு லேப்டாப்பும், பழைய மின்நூல்களைப் புதுசாக மாற்றிக் கொடுக்கிற வேலையும்.

அந்த வேலையும் நாற்று நடுகிற மாதிரிதான், முதுகு ஒடியும். இருபது வருஷத்துக்கு முன்னால் கையில் வைத்துக்கொள்கிற சின்னக் கருவிகளுக்காகச் செய்த நூல்கள் அவை. அந்தக் கருவிகளும் போய்விட்டன, அவற்றின் எழுத்துருக்களும் போய்விட்டன. இன்றைய போனில் அந்தக் கோப்பைத் திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டும். பூர்ணிமா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்றி, அத்தியாயம் பிரித்து, பொருளடக்கம் கட்டி, யாருடைய பூட்டும் இல்லாத, எந்தக் கருவியிலும் திறக்கிற இபப் வடிவத்தில் சேமிக்க வேண்டும். கடைசியில் சோதனை மென்பொருளில் ஓட்டி, 'பிழை இல்லை' என்று வந்தால் சென்னைக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் நாற்பத்தாறு நூல். நாற்பத்தைந்து போய்ச் சேர்ந்துவிட்டன.

அந்த நாற்பத்தாறாவதில்தான் பத்து நாளாக ஒரு சின்னக் கோளாறு.

'பாசனக் காவல் விளக்கம்.' ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எழுதியது. மதகு, மடை, தலைமடை, கடைமடை, தண்ணீர் முறை, காவல் என்று தலைப்பு தலைப்பாகப் போகிற வறட்டுப் புத்தகம். பழைய கோப்பில் கடைசி வரிக்குக் கீழே 'முற்றும்' என்று ஒரு சொல் தனியாக நின்றது. மாற்றிய கோப்பில் அதைக் காணவில்லை. மற்ற எல்லாம் சரியாக இருந்தன. அந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

கையாலேயே அடித்துச் சேர்த்தாள். சேமித்து மூடித் திறந்தாள். இல்லை. மறுபடி முதலிலிருந்து மாற்றினாள். இல்லை. சோதனையில் போட்டாள். பிழை இல்லை என்றது.

சென்னையிலிருந்து பகலவன் கூப்பிட்டான். இந்த நூல் வரிசையை நடத்துகிற நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருக்கிற பையன். மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, நாற்பத்தஞ்சும் பளிச்சுன்னு இருக்கு. அந்தப் பாசன புக்கு மட்டும் என்னாச்சு? நீங்க பாக்க அனுப்பினதுல கடைசிப் பக்கம் பாதி வரியில தொங்குதே?"

"எழுத்துரு தகராறு தம்பி. ரெண்டு நாள் குடுங்க."

"உங்க குரலுக்கு என்னக்கா? யாருகிட்டயோ செம சண்டை போல."

"சளி."

"பாத்துக்கங்க. அப்புறம் அக்கா, இதோட அசல் புத்தகம் எங்கயாவது இருக்கா? எந்த நூலகத்துப் பட்டியல்லயும் இல்ல. முதல் பக்கத்துல தட்டச்சுன்னு ரெண்டு பேர் பேர் போட்டிருக்கே, மங்களாம்பிகை, பூர்ணிமான்னு. பூர்ணிமா நீங்கதானே? இன்னொருத்தர் யாரு? அவங்களைக் கேட்டா தெரியுமா?"

பூர்ணிமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி சுட்டது.

"அவங்க இல்ல தம்பி. போயிட்டாங்க."

மறுநாள் குத்தாலத்து டாக்டரிடம் போனாள். டார்ச் அடித்துப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார்.

"டீச்சரா நீங்க?"

"இல்லைங்க. கம்ப்யூட்டர்ல உக்காந்து பாக்குற வேலை."

"அப்ப வீட்டுல யாரோட சண்டை?"

"வீட்டுல நான் மட்டுந்தாங்க."

"சுவரோடயா கத்துறீங்க? தொண்டை புண்ணா வீங்கிக் கிடக்கு. தினம் நாலஞ்சு மணி நேரம் விடாம பேசறவங்களுக்குத்தான் இப்படி வரும்." சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதினார். "மூணு நாளைக்கு வாயே திறக்காதீங்க. சொல்லிட்டேன். இப்படியே போனா குரல் மொத்தமா போயிடும். அப்புறம் என்னைத் திட்டக்கூட வராது."

அவளும் சிரிக்கப் பார்த்தாள். வலித்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சொல்லே ஓடிக்கொண்டிருந்தது. குரல் மொத்தமா போயிடும். போனால் சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்வது? அந்த எட்டு நிமிஷத்துக்காகத்தான் மீதி நாள் முழுவதும் ஓடுகிறது. குந்தவை, சாப்பிட்டியாம்மா என்று கேட்பாள். இவள், ஆச்சு என்பாள். அதைச் சொல்வதற்காவது ஒரு குரல் வேண்டும்.

வாய்க்கால் மேட்டில் நீலாம்பாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, அறுபது வயது, ஊர் நியாயம் ஒன்று விடமாட்டாள்.

"ஏம்மா பூர்ணிமா, விருந்தாளிய வீட்டுல விட்டுட்டு நீ எங்க ஊர் சுத்தப் போன?"

பூர்ணிமா புரியாமல் பார்த்தாள்.

"முழிக்காத. நாலு நாளா கேக்குறேனே. மத்தியானமானா ஒரே பேச்சு. நீ ஏதோ பாடம் மாதிரி சொல்லிட்டே போற, அந்தம்மா 'ம்' கொட்டிட்டே இருக்கு. ஆட்டை ஓட்டிக்கிட்டு ஜன்னலுக்குக் கீழயே போனேன். ஒருத்தரும் வா, மோர் குடின்னு கூப்பிடல. யாரு, உன் பெரியம்மாளா? வயசான குரலா இருந்துச்சு."

பூர்ணிமா கையை அசைத்து, பேசக்கூடாது என்று தொண்டையைக் காட்டினாள்.

"ஆங், இப்பப் பேச முடியாதா. அங்க பேசு பேசுன்னு பேசிட்டு." நீலாம்பாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். "பொல்லாத பொம்பளைங்கப்பா!"

'ம்' கொட்டுவது.

பூர்ணிமா வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாள் போட்டு, அதில் சாய்ந்து நின்றாள். உள்ளே புழுங்கியது. காலையில் வடித்த சோற்றின் வாடை லேசாகப் புளித்திருந்தது. மேஜையில் லேப்டாப் மூடியபடி இருந்தது. மேஜைக்கு முன்னால் எப்போதும் ஒரு நாற்காலிதான் கிடக்கும். அடுப்படியில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி இன்றைக்கு அதன் பக்கத்தில் வந்திருந்தது. ஒட்டி, கொஞ்சம் சாய்வாக. ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் தட்டச்சு அடித்தால் எப்படிப் போட்டுக்கொள்வார்களோ அப்படி.

இருபது வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

மாயவரம் போகிற சாலையில் மூடிக் கிடந்த ஒரு நெல் கிடங்கின் மாடியில் இருந்தது அந்தத் தட்டச்சுக் கூடம். பக்கத்தில் ரைஸ் மில். பகல் முழுக்க உமித் தூசியும் இயந்திர இரைச்சலும். மங்களாம்பிகைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை, சொந்தமென்று யாரும் வந்து பார்த்ததில்லை. சர்க்கரை நோய் கண்ணைத் தின்றுவிட்டது. பழைய புத்தகத்தின் பொடி எழுத்து அவளுக்குத் தெரியாது, திரைகூட மங்கலாகத்தான் தெரியும். ஆனால் விரல் பறக்கும். அப்போதுதான் நடவு வயலிலிருந்து மேலேறி வந்த பூர்ணிமாவுக்கு வேகமாக அடிக்க வராது, பிசிறில்லாமல் வாசிக்க வரும். கூடத்தில் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்தார்கள்.

"கண்ணு நீ, கை நான்" என்பாள் மங்களாம்பிகை.

பூர்ணிமா நாலைந்து சொல்லாக வாசிப்பாள், நிறுத்தக்குறியோடு சேர்த்து. 'மதகின் பலகை நனைந்து கனத்திருக்கும் முற்றுப்புள்ளி ஆகையால் கமா.' அடித்து முடித்ததும் மங்களாம்பிகை 'ம்' என்பாள். அடுத்தது வரும். வரத் தாமதமானால், 'மேல' என்பாள். அவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு. அப்படியே பதினொரு புத்தகம் முடித்தார்கள். மத்தியானம் முன் ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பூர்ணிமா பின் படி வழியாக இறங்கிப் போய் முக்கு மெஸ்ஸில் இரண்டு பொட்டலம் வாங்கி வருவாள். அக்காவுக்குத் தயிர்சாதம், வடுமாங்காய். படியில் நாய் ஏறிவிடும் என்பதால் போகும்போது பின் கதவை வெளியிலிருந்து நாதாங்கி போட்டுவிட்டுப் போவது வழக்கம். அரை மணி நேரந்தானே.

இதெல்லாம் அவள் நினைத்துப் பார்க்காத விஷயங்கள். நினைக்காமல் இருப்பதற்கென்றே எவ்வளவோ வேலை செய்திருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அடுப்படியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

அன்று சாயங்காலம் குந்தவையிடம் பேசியபோது குரல் பாதிதான் வந்தது.

"என்னம்மா, காத்துதான் வருது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"பேசாத... இருக்கச் சொன்னாரு."

"நீ எப்ப பேசின? அந்த வீட்டுல பேச யாரு இருக்கா? எனக்கு அதை நெனச்சாலே என்னவோ பண்ணுதும்மா. ஒரு ஆளாவது கூட இருந்தா நல்லாருக்கும்." மகள் மூக்கை உறிஞ்சினாள். "சரி, வை. பேசாத."

மறுநாள் மத்தியானம் படுக்கப் போகுமுன், போனில் ஒலிப்பதிவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தாள்.

எழுந்தபோது மணி ஆறு. தொண்டையில் ரத்த ருசி. பிளாஸ்டிக் நாற்காலி மேஜைக்குப் பக்கத்தில் கிடந்தது. பாய் காலியாக இருந்தது. தான் பாயில் இல்லை, மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்புறந்தான் உறைத்தது. கழுத்து இடதுபக்கம் திரும்பியபடியே பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துப் பேசினால் பிடிப்பது போல.

பதிவை ஓடவிட்டாள். முதல் கால் மணி விசிறிச் சத்தம், தன் மூச்சு. பிறகு பாய் சரசரத்தது. காலடி. நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் தன்னுடைய குரல், தூக்கத்தில் வருகிற கொழகொழப்பு எதுவும் இல்லாமல், இருபது வயதுக் குரல் போலத் தெளிவாக:

"பாசனக் காவல் விளக்கம். முகவுரை. காவிரியின் கிளையாறுகளிலே கமா"

"ம்."

அவள் போனைக் கீழே போட்டாள். அது தரையில் கிடந்தபடியே பேசிக்கொண்டிருந்தது. அவள் வாசித்தாள். அது 'ம்' என்றது. விரல்கள் விசைப்பலகையில் விழுகிற சத்தம் சடசடவென்று, மழைக்கு முன் விழுகிற முதல் துளிகள் மாதிரி. முகவுரை. தலைமடை. முறைத் தண்ணீர். ஒரு பக்கம் விடாமல், ஒரு குறி விடாமல். விழித்திருக்கும்போது அந்தப் புத்தகத்தில் பத்து வரி சேர்ந்தாற்போல் சொல்லச் சொன்னால் அவளால் முடியாது.

பதிவை ஓட்டிக் கடைசிக்குப் போனாள். குரல் கம்மி, கரகரத்து, கிட்டத்தட்ட ஊளை மாதிரி ஆகியிருந்தது.

"மதகைத் திறக்குமுன் கமா... அப்புறத்து வாய்க்காலில் ஆள் இறங்கியிருக்கிறானா என்று... மூன்று தரம் உரக்கக் குரல் கொடுத்து கமா... பதில் வந்த"

"ம்."

அமைதி. விசிறி.

"மேல."

விசிறி.

"மேல சொல்லு, பூர்ணிமா."

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அது. அந்த இடத்தில்தான் அவள் எழுந்தாள். சனிக்கிழமை, மணி ஒன்று. மற்றவர்கள் அரை நாளோடு கிளம்பிவிட்டார்கள். கீழே சாலையில் அவன் பைக்கை நிறுத்தி மூன்று தரம் ஹாரன் அடித்தான், பிற்பாடு புருஷனாகி மலேசியாவுக்குப் போனவன். வாக்கியத்தை முடிக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. 'இருங்கக்கா, சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன்' என்றாள். மங்களாம்பிகை விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல், 'சீக்கிரம் வா, ஊசி போட்டுட்டேன், பசி தாங்காது' என்றாள். கதவு. நாதாங்கி. படி. பைக். பூம்புகார்க் கடற்கரை.

ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. முதலாளி வந்து திறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். முதலாளி சென்னைக்குப் போயிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே அப்படி நினைத்துக்கொண்டு, கையிலிருந்த கவளத்தை வாயில் வைத்தாள். இப்போது ஓடினால், இத்தனை நேரம் எங்கே போனாய் என்று அப்பா கேட்பார். ஞாயிற்றுக்கிழமையும் ஞாபகம் வந்தது. இரண்டு தடவை.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போனது அவள்தான். நாதாங்கியை எடுத்தது அவள்தான். எடுத்துவிட்டு, உள்ளே பார்த்துவிட்டு, அப்புறந்தான் ஐயோ என்று கத்தினாள். மாரடைப்பு என்றார்கள். கதவின் உள்பக்கம் இருந்த கீறலை யாரும் பார்க்கவில்லை. உடைந்திருந்த நகங்களையும் பார்க்கவில்லை. இரண்டு நாள் அந்த மில் சத்தத்துக்கு எதிராகக் கத்தியிருப்பாள். கத்தி ஓய்ந்து, தட்டித் தடவித் தன் இடத்துக்கே வந்து உட்கார்ந்து, தெரிந்த ஒரே வேலையைச் செய்திருக்கிறாள். கை விசைப்பலகை மேல் இருந்தது.

திரையும் எரிந்துகொண்டிருந்தது. 'பதில் வந்த' என்பதற்குக் கீழே அடித்திருந்த எல்லாவற்றையும், ஆட்கள் படியேறி வருவதற்குள் பூர்ணிமா அழித்தாள். அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சொல் அடித்தாள். முற்றும்.

புத்தகத்தில் நூற்று எண்பத்துநாலு பக்கம். ஓவர்சியருடைய பேரன் இரவலாகக் கொடுத்த ஒரே பிரதி. கூடத்தை மூடியபோது கழிவுக் காகிதத்தோடு அதையும் சேர்த்து எடைக்குப் போட்டதும் அவள்தான். அதைத் திறந்து பார்க்கிற யாரும், அது முடியவில்லை என்று கண்டுபிடித்துவிடக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரியில் அதற்கு வேலை இல்லை போலும். கூடம் பகலில்தான் நடந்தது.

காலையில் குந்தவைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். நாளைக்கே திருச்சி வருகிறேன், உன் ஹாஸ்டல் பக்கத்தில் ஓர் அறை பார். பையைக் கட்டினாள். கிளம்புமுன் இந்த ஒன்றை முடித்து அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால் தீர்ந்தது. அது போகட்டும், யார் போனிலோ போய் உட்காரட்டும். நிரலைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே நேரடியாக அந்தச் சொல்லை எழுதினாள். மாற்றும் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. அது நகர்கிற நேரத்தில் மணி பார்த்தாள். ஒன்று ஆகப் பத்து நிமிஷம்.

பழைய கோப்புகளில் அழித்ததெல்லாம் அழிந்துவிடுவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ கோப்பில் பார்த்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும். மாற்றும்போது சில சமயம் மேலே வந்துவிடும், வயலை உழுதால் புதைந்த எலும்பு மேலே வருகிற மாதிரி.

பிழை இல்லை.

கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

*பதில் வந்த*

*மேல*

*மேல*

*பூர்ணிமா மேல*

*சோறு வரல*

*பூர்ணிமா கதவு*

*கைநடுங்குது மேல சொல்லு*

*யாராவது*

*மேல மேல மேல*

திரையை உருட்டினாள். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். சொற்கள் சிதைந்து வெறும் எழுத்தாகி, எழுத்தும் தேய்ந்து ஒற்றை 'ம்' ஆகி, பக்கம் பக்கமாக, வரிசை வரிசையாக, நட்ட நாற்று மாதிரி ம் ம் ம் என்று போய்க்கொண்டே இருந்தது. அன்று இவ்வளவு இல்லை. அவள் அழித்தது ஒன்றரைப் பக்கம்தான். இது இருபது வருஷத்துக்கானது.

கடைசி வரியில் ஒன்று புதிதாக விழுந்தது. அவள் கை மடியில் இருந்தது.

*வந்துட்டியா*

விசிறி நின்றது. மின்சாரம் போயிருந்தது. தயிர் புளித்த வாடை. உமித் தூசி. நாலு மைலுக்கு மில் கிடையாது.

பையைக்கூட எடுக்காமல் கதவுக்கு ஓடினாள். உள்தாழ்ப்பாளை இழுத்தாள். தள்ளினாள்.

கதவு அசையவில்லை.

வெளியே, இரும்பில் இரும்பு உரசி, மெதுவாக, பழக்கப்பட்ட கை போடுகிற மாதிரி, நாதாங்கி விழுந்தது.

தட்டினாள். கத்தினாள். காற்றுதான் வந்தது. ஜன்னலில் முகத்தை வைத்து நீலாம்பாளைத் தேடினாள். வெயில். வெடித்த வயல். ஆடு இல்லை, ஆள் இல்லை. கதவுக்கே திரும்பி வந்து நகத்தால் பிராண்டினாள். நாற்காலி இழுபட்டது. பின்னால்.

திரும்பவில்லை.

போன் அடித்தது. குந்தவை. இந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டாள். மெசேஜைப் பார்த்திருப்பாள். பூர்ணிமா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா? நாளைக்கே வர்றியா? நெசமாவா? எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என்ன திடீர்னு?"

வாயைத் திறந்தாள். கதவு, என்று சொல்ல வேண்டும். நீலாம்பாள், என்று சொல்ல வேண்டும். யாரையாவது அனுப்பு. நாலே சொல். தொண்டை தானாகத் திறந்துகொண்டது. குரல் கணீரென்று வந்தது.

"பாசனக் காவல் விளக்கம். முகவுரை."

"ம்."

"அம்மா?"

"காவிரியின் கிளையாறுகளிலே கமா"

"ம்."

"ஓ, வேலையா இருக்கியா?" குந்தவையின் குரலில் சிரிப்பு வந்தது. "யாரும்மா பக்கத்துல? 'ம்'னு சொல்றாங்களே. கூட வேலை பாக்குறவங்களா? சொல்லவே இல்ல பாத்தியா. குரலும் நல்லாயிடுச்சு! அப்பாடா, தனியா இல்லையே, அது போதும்மா. நீ முடி. சாயங்காலம் கூப்பிடறேன்."

போன் அணைந்தது.

கால் தானாக நடந்தது. மர நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்து இடதுபக்கம் திரும்பியது. பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை, எடை ஏறினால் குழிவது போலக் குழிந்திருந்தது. நகம் உடைந்த பத்து விரல்கள், விசைகளின் மேல், காத்திருந்தன.

வாசித்தாள். தலைமடை. ம். முறைத் தண்ணீர். ம். ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஏறி, சிவந்து, மங்கியது. ஏழு மணிக்குப் போன் மேஜையில் துடித்துத் துடித்து நின்றது. வாய் நிற்கவில்லை. கடைவாயில் ரத்தம் இறங்கிக் கழுத்தில் காய்ந்தது. நூறு. நூற்றுப் பத்து. நூற்றுப் பன்னிரண்டு.

"மூன்று தரம் உரக்கக் குரல் கொடுத்து கமா பதில் வந்த"

"ம்."

இதற்கு மேல் அவளிடம் காகிதம் இல்லை. உலகத்தில் யாரிடமும் இல்லை.

"மேல."

பூர்ணிமா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசித்தது. விரல்கள் ஒரு தரம் விசைகளைத் தடவிக்கொண்டு அமைதியாயின. அவற்றுக்கு அவசரம் இல்லை.

"மேல சொல்லு."

எழுபத்திரண்டு பக்கம் பாக்கி. ஒரு தயிர்சாதப் பொட்டலமும்.